அறுபத்து நான்கு போதும்

நவம்பர் 3

அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், நம் வீட்டின் மூத்த உழைப்பாளியும், ஆறு வருடம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவரும், இடது மூலையில் விரிசல் கண்டவருமான வீட்டு போன் அவர்கள், நேற்று மாலை ஐந்து பத்துக்கு 'இடம் நிரம்பிவிட்டது' என்ற இறுதி அறிக்கையை வெளியிட்டுவிட்டுப் படம் எடுக்க மறுத்துவிட்டார். அந்த நேரத்தில் அப்பா பேக்கரியிலிருந்து வந்து, முகத்தில் மாவோடு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மீசையில் நான் மூன்று துணிக் கிளிப் மாட்டியிருந்தேன். வரலாறு பதிவாகாமலே போயிற்று.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்காதே. போன மாதம் கூப்பிட்டாயே, ஆறு நிமிடம். அதில் நாலு நிமிடம் நீ மூச்சு விடுவதை நானும், நான் மூச்சு விடுவதை நீயும் கேட்டுக்கொண்டிருந்தோம். காது கேட்காத அம்மாவிடம் வளர்ந்த பிள்ளைகளுக்கு எதிராளியின் முகமும் கையும் தெரியாமல் பேச வராது போலிருக்கிறது. நீயோ அம்மா போன பிறகு பட்டன் போனுக்கு மாறி முனிவராகிவிட்டாய். எனவே தபால்காரருக்கு வேலை.

விஷயம் இதுதான். புது போன் வாங்க அப்பா சம்மதித்துவிட்டார். அறுபத்து நான்கா, நூற்று இருபத்தெட்டா, இருநூற்று ஐம்பத்தாறா? அப்பாவிடம் விளக்கினேன். "ஜிபி ஏற ஏற ஜேபி இறங்கும்பா, அவ்வளவுதான் கணக்கு" என்றேன். "அப்ப அக்காகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார், கிளிப்போடு.

பழைய போனில் என்ன அடைந்திருக்கிறது என்று பார்த்தேன். அப்பாவின் ரொட்டிப் படங்கள் கொஞ்சம். என் கலைப் படைப்புகள் கொஞ்சம். மீதி முழுக்க அம்மா. மற்ற வீட்டு அம்மாக்கள் 'சாப்பிட்டியா' என்று குரலில் கேட்டால் அது கடுகளவு இடம். நம் அம்மா அதையே கையால் கேட்டாள். வீடியோ. பூசணிக்காய் அளவு. 'பால் வாங்கிட்டு வா' ஒரு வீடியோ, 'வாங்கிட்டியா' ஒரு வீடியோ, 'ஏன் வாங்கலை' ரொம்ப நீளமான வீடியோ. மொத்தம் ஆயிரத்து நூற்றுச் சொச்சம்.

இன்னொன்று. ஜூன் 12 தேதியிட்டு ஒன்று இருக்கிறது. உனக்கு அனுப்பியது. ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அப்போது நீ அம்மாவின் எண்ணைத் தடுத்து வைத்திருந்தாய்; தடுத்த பிறகு அவள் உனக்கு அனுப்பியது இது ஒன்றுதான். நான்கு நிமிடம் பதினொரு நொடி. முதல் காட்சி மட்டும் வெளியில் தெரிகிறது: அச்சகத்துப் பைண்டிங் பிரிவின் நீல ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் சமையலறை ஜன்னல் பக்கம் நிற்கிறாள். நான் திறக்கவில்லை. உன் சொத்து.

நீ போன பிறகு அம்மாவின் வாய் என்ற பதவி எனக்குத்தான் வந்தது, தெரியுமா? கேஸ் ஆபீஸ், வங்கி, என் பள்ளிக்கூடத்துக் கூட்டம், எல்லா இடத்திலும் நான்தான். என் வகுப்பாசிரியர் என்னைப் பற்றிச் சொன்ன புகாரை நானே அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். மிகவும் நல்ல பையன் என்று வந்தது. உன்னைவிட நான் கெட்டிக்காரன் என்பது ஊரறிந்த விஷயம்.

இப்படிக்கு,
வீட்டின் தலைமை மொழிபெயர்ப்பாளர்,
வால்


நவம்பர் 12

டேய் வால்,

இருநூற்று ஐம்பத்தாறு. யோசிக்காதே. கடைக்காரர் எது சொன்னாலும் கேட்காதே. அப்பா முகம் சுருங்கினால் நான் சொன்னேன் என்று சொல். ஒரு வீடியோவும் போகக்கூடாது. பால் வாங்கச் சொன்னதுகூட.

அந்த ஜூன் வீடியோவை நீ பார்க்காதே. பார்த்துவிட்டு என்னிடம் சொல்லவும் வேண்டாம். நான் லீவு கிடைத்து வரும்போது என் கண்ணால் பார்க்கிறேன். வேறு ஒருவர் சொல்லிக் கேட்கிற வேலையே அதில் இருக்கக்கூடாது.

நான் வீட்டை விட்டு வருவதற்கு முந்தின வாரம் நடந்தது உனக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. நீ கதவருகே நின்றாய், ஆனால் என் முதுகுதான் உனக்குத் தெரிந்திருக்கும். வங்கியிலிருந்து வந்திருந்தோம். மூன்று மணி நேரம் கவுண்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றிருந்தேன். அந்த ஆள் அம்மாவைப் பார்க்காமல் என்னையே பார்த்து, "அவங்களுக்குப் புரியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "ஆறு வயசுலேர்ந்து உனக்கு வாயா இருந்து அலுத்துப்போச்சு." வாயால் சொல்லியிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்காது. நான் கையால் சொன்னேன். நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக, நன்றாகப் புரியும்படி.

அடுத்த வாரம் இந்த ஊருக்கு வந்துவிட்டேன். தினம் ஒரு வீடியோ அனுப்பினாள். பார்த்தால் திரும்பிப் போய்விடுவேன் என்று பயந்து தடுத்து வைத்தேன். அவ்வளவுதான். கொஞ்ச நாளைக்கு என்றுதான் நினைத்தேன்.

இங்கே பல் ஆஸ்பத்திரியில் எனக்கு என்ன வேலை என்று போன மாதம் போனில் கேட்டாய். வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்களுக்குப் பேச முடியாது. கையை அசைப்பார்கள். வலிக்கிறது, துப்ப வேண்டும், பயமாக இருக்கிறது. எனக்கு உடனே புரிந்துவிடுகிறது. "எப்படிம்மா கண்டுபிடிக்கிறே?" என்கிறார் டாக்டர். பழக்கம் என்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், விளையாடாமல் பதில் எழுது. ஜூனில் மூச்சு வாங்குகிறது என்று அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாளே. தம்பிதான் கூடப் போனான் என்று அப்பா சொன்னார். அதற்கு ஐந்து வாரம் கழித்து அச்சகத்தில் காகிதக் கட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டாள். அன்று டாக்டர் என்ன சொன்னார்? இதயத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையா? வார்த்தை விடாமல் எழுது.

அக்கா


நவம்பர் 20

அக்காவுக்கு,

அந்த வீடியோவைப் பார்க்க மாட்டேன் என்று என் கணக்குப் புத்தகத்தின் மீது சத்தியம் செய்கிறேன். (அதைத் திறந்தே மூன்று மாதம் ஆகிறது. எதையும் திறக்காமல் வைத்திருப்பதில் எனக்குள்ள பயிற்சி உனக்குப் புரியும்.)

டாக்டர் சொன்னது: "களைப்புதான். ஓய்வு எடுங்க. இந்த மாத்திரையைச் சாப்பிடுங்க." இதை நான் வார்த்தைக்கு வார்த்தை கைமாற்றிக் கொடுத்தேன். கைக்கு மாற்றினால் கைமாற்றுதானே. "நல்லா பேசறியே தம்பி" என்று டாக்டர் என் முதுகில் தட்டினார். இதயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

இனி கடை விவகாரம். கண்ணாடி அலமாரி, அதற்குப் பின்னால் ஒரு கடைக்காரர், அவருக்குப் பின்னால் இன்னொரு கண்ணாடி. அப்பா இரண்டிலும் தன்னைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"எவ்வளவு எடுக்கறீங்க சார்?"

"இதென்ன, அரைக் கிலோ ஒரு கிலோன்னு கேக்கற மாதிரி கேக்கறீங்க?"

"கிட்டத்தட்ட அதேதான் சார். உள்ள எவ்வளவு வெக்கப் போறீங்கன்னு சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அப்பா சொன்னார்: "என் சம்சாரத்தை."

கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, பாதியிலேயே நிறுத்தி, துணியெடுத்து அலமாரியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். பிறகு மெதுவாக, "பெருசே எடுத்துக்கோங்க சார். இருநூத்தி அம்பத்தாறு அடுத்த வாரம் வருது. எடுத்து வெக்கறேன்" என்றார்.

ஆக, அடுத்த வாரம். உத்தரவுப்படி.

வால்


டிசம்பர் 2

அக்காவுக்கு,

போன் வந்தாயிற்று. அறுபத்து நான்குதான்.

திட்டுவதற்கு முன் முழுதும் படி. இருநூற்று ஐம்பத்தாறு வரவில்லை. எப்போது வருமோ என்று கடைக்காரரும் கையை விரித்துவிட்டார். அதுவும் இல்லாமல், எதற்கு அவ்வளவு? மூளை இருப்பவனுக்கு அறுபத்து நான்கே மைதானம். வீடியோ சுருக்கும் செயலி என்று ஒன்று இருக்கிறது. பூசணிக்காயைப் போட்டால் எலுமிச்சம்பழமாக வருகிறது. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஆயிரத்து நூற்றையும் போட்டு எடுத்துவிட்டேன். ஒரு நொடி குறையவில்லை. நீ கேட்ட அந்த நான்கு நிமிடம் பதினொரு நொடி, இப்போதும் நான்கு நிமிடம் பதினொரு நொடிதான். சரிபார்த்தேன். நேரத்தை மட்டும்தான் பார்த்தேன், உள்ளே பார்க்கவில்லை.

பழைய போனைக் கடையில் மாற்றாகக் கொடுத்துவிட்டோம். எங்கள் கண்ணெதிரிலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டார். அப்பா அந்த விரிசலை ஒரு தடவை விரலால் தொட்டுவிட்டுக் கொடுத்தார்.

புது போனில் இன்னும் பாதி இடம் காலி. என் திறமையைப் பாராட்டி ஒரு வரி எழுதினால் சட்டம் போட்டு மாட்டுவேன்.

வால்


டிசம்பர் 9

டேய்,

கை தெரிகிறதா?

முகத்தைக் கேட்கவில்லை. விரல். விரல் அசையும்போது தெரிகிறதா? முகம் தெளிவாக இருந்தால் போதும் என்று இருக்கிற வீடு நம் வீடு இல்லை. இது உனக்குத் தோன்றவே இல்லையா? ஒரு வீடியோவையாவது முழுசாகப் போட்டுப் பார்த்தாயா?

போய்ப் பார். ஒவ்வொன்றாகப் பார். அதையும் திற. பார்க்காதே என்று சொன்னதை விடு, திறந்து கை தெரிகிறதா என்று மட்டும் பார்த்து எழுது. உடனே எழுது.

அக்கா


டிசம்பர் 16

அக்காவுக்கு,

பார்த்தேன். நானும் அப்பாவும் சேர்ந்து மூன்று நாள் பார்த்தோம்.

மற்றதெல்லாம் பரவாயில்லை. அம்மா கோபமாகப் பேசுகிற இடங்களில் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது, ஆனால் படிக்க முடிகிறது. பால் இருக்கிறது. 'ஏன் வாங்கலை' இருக்கிறது. அப்பாவுக்குப் பிறந்தநாள் சொன்னது இருக்கிறது.

அது மட்டும் சரியில்லை. எப்படியோ தவறுதலாக அதற்கு மட்டும் அளவு குறைந்துவிட்டிருக்கிறது. முகம் தெரிகிறது. ஜன்னல் தெரிகிறது. கை இருக்கிற இடத்தில் ஈரத் துணியால் துடைத்த எழுத்து மாதிரி இருக்கிறது. அப்பா போனைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "என்னடா சொல்றா?" என்றார். தெரியலப்பா என்றேன். பழைய போனைத் தேடிக் கடைக்குப் போனோம். யாருக்கோ விற்றாகிவிட்டதாம்.

மன்னித்துவிடு என்று எழுதத்தான் வேண்டும். எழுதுகிறேன். மன்னித்துவிடு.

தம்பி


டிசம்பர் 27

தம்பி,

உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. முதல் நாள் எழுதியிருந்தால் நீ தாங்கியிருக்க மாட்டாய். கிழித்துப் போட்டேன்.

இப்போது கோபம் இல்லை. நிஜமாகவே. உனக்குப் பதினைந்து வயது. அம்மா, அப்பா, ஆஸ்பத்திரி, வங்கி எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுவிட்டு வந்தவள் நான். அந்த வீடியோவையும் ஜூன் மாதமே பார்க்க வேண்டியவள் நான். அப்போது அது தெளிவாகத்தான் இருந்தது. தடுத்து வைத்தது நீ இல்லை.

அதில் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். திட்டியிருப்பாள். நான் அப்படிச் சொன்ன பிறகு எந்த அம்மாவாக இருந்தாலும் திட்டத்தான் செய்வாள். என்மேல் கோபத்தோடுதான் போயிருக்கிறாள். நான் அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன். என்ன, அந்தத் திட்டையாவது முழுசாக வாங்கிக்கொண்டிருக்கலாம். யாரோ ஒருவர் நமக்காக நான்கு நிமிடம் பதினொரு நொடி நின்று பேசியிருக்கிறார், அதில் ஒரு சொல்கூட நமக்கு இல்லை என்பது ஒருமாதிரி இருக்கிறது.

போன வாரம் ஒரு அம்மாள் வந்தாள், வாய் முழுக்கப் பஞ்சு. கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டு ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. முதல் தடவையாகப் புரியவில்லை. கருவிகளைக் கழுவுகிற அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

லீவு கேட்டிருந்ததை ரத்து செய்துவிட்டேன். வந்து பார்க்க இனி என்ன இருக்கிறது? அப்பாவிடம் வேலை அதிகம் என்று சொல். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம். போன் நன்றாக வேலை செய்கிறதா?

அக்கா


ஜனவரி 6

அக்கா,

உன் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து நான் மட்டும் படித்தேன். அம்மா உன்மேல் கோபத்தோடு போகவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் பார்த்துவிட்டேன். சுருக்குவதற்கு முன்னாலேயே. சத்தியம் செய்து எழுதிய கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்த கையோடு பார்த்தேன். ஒரு தடவை இல்லை, பத்துப் பதினைந்து தடவை. மனப்பாடமாகத் தெரியும்.

அவள் சொன்னதை எழுதுகிறேன். ஒன்றும் கூட்டவில்லை. நான் சொன்னால் நீ நம்புவது கஷ்டம்தான்.

முதலில் உன் பெயர். உன் புருவத் தழும்பை வைத்து அம்மா கையால் வைத்த பெயர்: புருவத்தின் மேல் இரண்டு விரல். பிறகு:

"நீ இதைப் பாக்க மாட்டேன்னு தெரியும். பாத்தா பாரு. இன்னிக்கு நான் ஆஸ்பத்திரிக்குத் தனியா போனேன். யாருமே இல்லாம. டோக்கன் எடுத்தேன். என் நம்பரைக் கூப்பிட்டா எனக்குக் கேக்காதில்ல? அதனால எனக்கு முந்தின நம்பர் யாருன்னு ஒவ்வொருத்தர் கையா எட்டிப் பாத்தேன். பச்சைச் சட்டை போட்ட ஒரு பொண்ணு. அவ பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன். அவ வெளிய வந்ததும் நான் உள்ள போயிட்டேன். எப்படி?"

இந்த இடத்தில் மார்பைத் தட்டிக்கொள்கிறாள்.

"டாக்டர் முகமூடி போட்டிருந்தார். உதடு தெரியல. கழட்டுங்கன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவர் பேசப் பேசத் தலையாட்டினேன். ரொம்ப நேரம் பேசினார். நான் எல்லாத்துக்கும் தலையாட்டினேன். அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி."

சிரிக்கிறாள். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். அதனால் அதற்குப் பிறகு ஒரு கையால்தான் பேசுகிறாள்.

"நீ சொன்னது சரிதான். சின்னப் பொண்ணை வாயா வெச்சுக்கிட்டேன். உனக்கு விளையாடறதுக்குக்கூட நேரம் குடுக்கல. இனிமே வேண்டாம், நான் பழகிக்கிட்டேன். எனக்காகப் பேசறதுக்கு நீ வர வேண்டாம். சும்மா வா."

அந்தக் கடைசியை மூன்று தடவை சொல்கிறாள். சும்மா வா. சும்மா வா. மூன்றாவது தடவை கையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனை அணைக்க வருகிறாள். அதோடு முடிகிறது.

டாக்டர் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது, அக்கா. களைப்பு, ஓய்வு, "நல்லா பேசறியே தம்பி" எல்லாம் என் சொந்தத் தயாரிப்பு. நான் அந்த அறைக்குள் போனதே இல்லை.

மேலே எழுதியதில் ஓர் இடத்தைத் தாண்டிவிட்டேன். 'யாருமே இல்லாம' என்பதற்கு அடுத்து வருகிறது. இதோ:

"தம்பியை வரச் சொன்னேன். பரீட்சைன்னான். இல்லைன்னு எனக்குத் தெரியும். பொய் சொன்னா அவனுக்குக் கை வேகமா ஓடும். அப்பாகிட்ட அவன் கூட வந்தான்னு சொல்லிட்டேன். நீயும் அவனைத் திட்டாதே."

இதை நீ பார்க்கக்கூடாது என்றுதான் இவ்வளவும் செய்தேன். வேறு ஒன்றும் இல்லை. இருநூற்று ஐம்பத்தாறு சொன்ன நாளில் வந்துவிட்டது. கடைக்காரர் பெட்டியோடு அப்பா கையிலேயே கொடுத்தார். "அக்கா அறுபத்து நாலு போதும்னுட்டா" என்று அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அப்பா, "அவளா சொன்னா?" என்று இரண்டு தடவை கேட்டார். சின்ன போன் வாங்கினால் சுருக்குவதற்கு ஒரு சாக்கு கிடைக்கும். எல்லா வீடியோவையும் நடு அளவில் வைத்தேன், ஒவ்வொன்றிலும் விரல் தெரிகிறதா என்று பார்த்துத்தான் வைத்தேன். இதை மட்டும் கடைசி அளவில் போட்டேன். வந்ததை எடுத்துத் திரும்பவும் போட்டேன். கை மறைகிறவரை நாலு தடவை. முகம் மட்டும் எத்தனை தடவை போட்டும் போகவில்லை.

அம்மாவின் வாயாக இருந்ததில் உன்னைவிடக் கெட்டிக்காரன் என்று எழுதியிருந்தேன். கேஸ் ஆபீஸுக்கு ஒரு தடவை போனேன். பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்கு ஒரு தடவை. அவ்வளவுதான். வங்கிக்கு அவளே சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போய்வந்தாள்.

இப்போது புது போனில் ஜூன் 12-ஐத் தொட்டால் இரண்டு வீடியோ வருகிறது. ஒன்று அம்மாவுடையது. அதற்கு முன்னால் இருப்பது நான் எடுத்தது. அம்மா டோக்கனோடு உட்கார்ந்திருந்த நேரம் நானும் பசங்களும் மொட்டை மாடியில் இருந்தோம். கொடியில் காய்ந்த கீழ்வீட்டு மாமாவின் சட்டைகளையெல்லாம் கையோடு கை முடிச்சுப் போட்டுவிட்டு, அவர் ஒன்றை இழுக்க ஏழும் சேர்ந்து வருவதை ஒளிந்திருந்து எடுத்தோம். பதினான்கு நொடி. அதை நான் சுருக்கவில்லை, அக்கா. அதில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

தம்பி